பிரிந்து நிற்கும் வினை

சொஹார். டயாலிசிஸ் வார்டு, மூன்றாம் ஷிஃப்ட்.
ஒன்பதாம் இயந்திரம் மட்டும்
காரணமில்லாமல் அலறும்.
அணைத்துவிட்டு வந்து
அட்டைகளை எடுக்கிறேன்.
மருந்துப் பெட்டியை வெட்டி
ஒரு பக்கம் நானே படம் வரைந்தவை.
மறுபக்கம் சொல்:
நீல மையில் ஆண், சிவப்பில் பெண்,
பச்சையில் இரண்டும் அல்லாதது.

எட்டு வேற்றுமையை
ஐ ஆல் கு இன் அது கண் என்று
ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நான்.
நான்குதானே என்று இறங்கினேன்.
கணுக்கால் அளவு என்று நினைத்தது
கழுத்துக்கு வந்துவிட்டது.

கரண்டி ஆண். முள்கரண்டி பெண்.
கத்தி இரண்டும் இல்லை.
யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்?
சிறுமி, மெட்ஷென்,
பச்சை மையில் இருக்கிறாள்.
"அது பாட்டுக்கு விளையாடுது" என்று
என் மகளை நானும் சொன்னவள்தான்.
கோபம் வந்திருக்கக் கூடாது.
வந்தது.

ஹமூதுக்கு வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம்.
துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம்
பெட்டிகளைத் திறக்கச் சொன்னவர்.
இடது கை குழாயில் கிடக்க
வலது கையால் என் அட்டையைப் பிடிக்கிறார்,
பெரும்பாலும் தலைகீழாக.
ஜெர்மன் ஒரு சொல் தெரியாது.
தயங்குகிறவர் முகம் தெரியும்.

"நிலா?"
விழிக்கிறேன்.
"ஆண், சிஸ்டர். எங்கள் அரபியிலும் ஆண்தான்.
சூரியன் பெண்."
திருப்பிப் பார்த்தால் நீலம். அடுத்தது சிவப்பு.
படிக்காமலே அவர் பாஸ்.

"இது என்ன, முந்திரியா?"
"சிறுநீரகம். நீரெ."
பேரிலேயே நீர் இருப்பதால் இது மட்டும் மறக்காது.
"பெண்."
"இரண்டுமா?"
"இரண்டும்."
"அதான் பேசிவைத்துக்கொண்டு
ஒரே வருடத்தில் வேலையை விட்டார்கள்."
சிரித்த சிரிப்பில் கை அசைந்து
ஒன்பதாம் இயந்திரம்
முதன்முறையாகக் காரணத்தோடு அலறியது.

போன மார்ச்சில் மஸ்கட்டில் தேர்வு.
எழுத்தில் போய்விட்டது.
வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டுமாம்.
எனக்கோ
யார், யாருக்கு, எங்கே, எவ்வளவு கடன்
எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான்
கொடுத்தேனா இல்லையா என்பது வரும்.

ஆனால் 'வைல்' என்று ஒரு சொல் இருக்கிறது.
ஏனென்றால்.
அதைப் போட்டதும் ஜெர்மானியர்களும்
வினையைக் கடைசிக்கு அனுப்புகிறார்கள்.
காரணம் சொல்லும்போது மட்டும்
அவர்கள் எங்களவர்கள்.
அதிலிருந்து எதற்கெடுத்தாலும் காரணம் சொல்கிறேன்.
தண்ணீர் குடிக்கிறேன், ஏனென்றால்.
ஜன்னலைச் சாத்துகிறேன், ஏனென்றால்.

அப்புறம், பிரிகிற வினைகள்.
ஆன்கொம்மன்: வந்து சேர்தல்.
'கொம்மெ' முன்னே போய் உட்கார்ந்துவிடும்.
'ஆன்' வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்.
நடுவே எதையும் அடைக்கலாம்:
தேதி, விமானம், ஏஜெண்டுக்குக் கட்டிய பணம்,
சலாலா, இப்ரி, சொஹார்,
பதினோரு வருடம்,
கிரேன் ஓட்டுகிறவரோடு
ஷிஃப்ட் ஒத்துப்போன சில வெள்ளிக்கிழமைகள்,
வாட்ஸ்அப்பில் பல் விழுந்து
வாட்ஸ்அப்பிலேயே பல் முளைத்த மகள்.
கேட்பவன் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பான்:
வந்தாள், சரி,
சேர்ந்தாளா?

என் அரைகுறை அரபியில்
இதை ஹமூதுக்கு விளக்கினேன்.
கண்ணை மூடி யோசித்தார்.
"பெட்டி இறங்கிவிட்டது,
கிளியரன்ஸ் ஆகவில்லை. அவ்வளவுதானே?
அப்படி எத்தனை பெட்டி பார்த்திருக்கிறேன்."
அவை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.
ஜனவரியில் மறுபடி எழுதுகிறேன் என்பதை
அவரும் கேட்கவில்லை. தெரியும்.

நான்கு மணி நேரம் முடிந்தது.
ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்துப்
பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
பிடித்திருக்கிறேன். அவர் விடுவதாயில்லை.
"ஊசி?"
"பெண்."
"கட்டு?"
"ஆண்."
"ரத்தம்?"
"பச்சை" என்றேன்.
பழைய சுங்க அதிகாரி
அட்டையைத் திருப்பி
விளக்கில் பிடித்துப் பார்த்தார்.